புரியாத பேச்சும் புரிந்த துரையும்: ‘தங்கலான்’ பற்றிய பார்வையாளர் கருத்துகள் குறித்து ஒரு மதிப்பீடு

பா. ரஞ்சித் இயக்கிய ‘தங்கலான்’ திரைப்படம் 2024 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்தது. வட ஆர்க்காட்டு வேப்பூரில் மிராசுதாரிடம் நிலத்தைப் பறிகொடுத்த ஓர் உழவன், கிளெமெண்ட் என்னும் வெள்ளைத் துரையை நம்பித் தன் ஊராருடன் பொன் தேடிச் செல்வதை இப்படம் 1850ஆம் ஆண்டளவில் வைத்துச் சொல்கிறது. அப்பொன் நிலம் பிற்காலத்தில் கோலார் தங்கவயல் எனப் பெயர்பெற்ற நிலமே. படத்தைப் பற்றி எழுந்த கருத்துகள் பல திறத்தன. விக்ரம், பார்வதி திருவோத்து ஆகியோரின் நடிப்பைப் போற்றியவர் பலர். பிற்பாதியில் கனவும் நனவும் கலந்து கதைப்போக்குக் குழம்புகிறது என்றவரும் பலர். இவை எப்படத்துக்கும் எழக்கூடியவை. இப்படத்துக்கே உரியதாக எழுந்த ஒரு குறை மட்டும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் நின்று நோக்கத் தக்கது. பாத்திரங்கள் பேசுவது புரியவில்லை என்பதே அது.

தமிழ்ப்படம் பார்க்கவந்த தமிழர், தமிழ்ப் பாத்திரங்களின் தமிழ் புரியவில்லை என்றனர். திறனாய்வாளர் பெரும்பாலோர் இதனை ஒலிப்பதிவுக் குறையாகக் கொண்டு ஓரிரு வரிகளில் கடந்து சென்றுவிட்டனர். அது முழுதும் தவறன்று. இப்படத்தின் உரையாடல் பின்னர்க் கூடத்தில் பதிவு செய்யப்பெறாமல் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பதிவானது. திறந்தவெளியில், கூட்டம் ஒருசேரக் குரலெழுப்பும் காட்சிகளில், பின்னணி இசையும் சேர்ந்துகொள்ளும்போது சில சொற்கள் அமிழ்ந்துபோவது இயல்பே. எனினும் குறை கூறியோர் ‘கேட்கவில்லை’ என்று மட்டும் கூறவில்லை. ‘புரியவில்லை’ என்றும் கூறினர். காதுக்கு எட்டாமை ஒன்று. எட்டியும் பொருள்படாமை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாத திறனாய்வு, கருவியின் குறையையும் கேட்போரின் பழக்கத்தையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறது.

படத்தின் உரையாடலை எழுதியவர் அழகிய பெரியவன். திரைக்கதையில் துணைநின்றவர் தமிழ்ப்பிரபா. முன்னவர் பேரணாம்பட்டைச் சேர்ந்த நாவலாசிரியர். ‘தகப்பன் கொடி’ அவருடைய அறியப்பெற்ற நாவல். பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் வட்டங்களிலிருந்தே தங்கவயலுக்குப் பெருந்தொகையினர் குடிபெயர்ந்தனர் என்பதை நினைத்தால் இத்தேர்வின் பொருத்தம் விளங்கும். சுரங்கத்துக்குச் சென்றவர்களின் பேச்சு, அவர்கள் புறப்பட்ட மண்ணைச் சேர்ந்த எழுத்தாளரின் கையால் எழுதப்பட்டது. ‘இன்னா’ என்னும் வினாச்சொல், ‘கீது’, ‘கீறான்’ என்னும் இருப்பு வினைகள், ‘-கொண்டு’ என்பதற்கு ஈடாக வரும் ‘-கினு’ ஆகியவை அவ்வட்டாரப் பேச்சின் யாவரும் அறிந்த கூறுகள். இலக்கண நிலையில் இவற்றுள் எதுவும் கடினமன்று. மதுரை வழக்கோ நெல்லை வழக்கோ பொதுப்பேச்சிலிருந்து விலகும் தொலைவைக் காட்டிலும் இது மிகுதியாக விலகுவதில்லை. அவ்வாறாயின் புரியாமை எங்கிருந்து வந்தது?

விடையின் ஒரு பகுதி தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றிலேயே உள்ளது. 1977இல் ‘16 வயதினிலே’ வெளிவந்தபின் தென்மாவட்டப் பேச்சு உணர்ச்சிக்குரிய பேச்சாகத் திரையில் நிலைபெற்றது. காதலும் சாவும் அம்மொழியில் நிகழலாம் என்பதைப் பார்வையாளர் ஏற்றனர். 2007இல் வந்த ‘பருத்திவீரன்’ எவ்வளவு அடர்ந்த வழக்கில் பேசியபோதும் அதனைப் புரியவில்லை என்று ஒதுக்கியோர் குறைவு. புரியாத சொல்லையும் மண்வாசனை என்று சுவைத்தனர். வடமாவட்டப் பேச்சுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அதனோடு நெருங்கிய உறவுடைய சென்னைப் பேச்சு திரையில் நகைச்சுவைக்கே ஒதுக்கப்பட்டது. ‘சபாஷ் மீனா’வில் (1958) ரிக்சா இழுப்பவராக வந்த சந்திரபாபு தொடங்கி லூஸ் மோகன் வரை, ‘இன்னா’ என்று ஒருவர் வாய் திறந்தாலே அரங்கு சிரிக்கும் பழக்கம் வேரூன்றியது. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யும் (2012) ‘மெட்ராஸ்’ படமும் (2014) இப்பழக்கத்தை ஓரளவு அசைத்தன, வேரோடு பெயர்க்கவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் சிரிப்பதற்கெனப் பயிற்றப்பட்ட செவி, அதே பேச்சில் ஒரு தாய் தன் மகவை இழந்து அரற்றும்போது திகைக்கிறது. திகைப்பைக் கேட்போர் ‘புரியவில்லை’ என்னும் சொல்லால் வெளியிடுகின்றனர். இதனைக் கிளைமொழி மனப்பான்மை என்று மொழியியலார் வழங்குவர். புரிதிறன் ஒலிகளையும் சொற்களையும் மட்டும் பொறுத்ததன்று; பேசுவோரின் சமூக மதிப்பையும் பொறுத்தது என்பது அத்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி.

மற்றொரு பகுதி நுட்பமானது. இங்கே அயல்மொழிப் படம் ஒன்றை ஒப்புநோக்குவது பயன் தரும். ருமேனிய இயக்குநர் கிறிஸ்தியன் நெமெஸ்குவின் ‘கலிபோர்னியா டிரீமின்’ 2007இல் கான் விழாவில் ‘அன் செர்த்தேன் ரிகார்’ பிரிவின் பரிசைப் பெற்றது. படத்தைத் தொகுத்து முடிக்குமுன்பே, 2006 ஆகஸ்டில், இயக்குநர் தம் ஒலியமைப்பாளருடன் சாலை விபத்தில் இறந்தார். எனவே அவர் விட்டுச்சென்ற நிலையிலேயே ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படமாக அது வெளியிடப்பட்டது. தலைப்பின் அடைப்புக்குறிக்குள் இடம்பெற்ற ருமேனியச் சொல் ‘முடிவற்றது’ எனப் பொருள்படும். இயக்குநரின் மறைவை அறிந்தவர்கள் அதில் ‘முடிவுறாதது’ என்னும் பொருளையும் ஏற்றிப் படித்தனர். ஒரே சொல் இரு பொருளையும் சுமக்கும் இவ்வாய்ப்பை ஆங்கில மொழிபெயர்ப்பால் காக்க இயலவில்லை. தமிழிலும் ‘முடியாதது’ என்றால் இயலாமைப் பொருள் வந்து புகுந்துவிடும்.

கதை 1999ஆம் ஆண்டுக் கொசோவோப் போரின்போது நிகழ்வது. அமெரிக்கப் படைவீரரும் தளவாடமும் ஏறிய நேட்டோ தொடர்வண்டி ருமேனியச் சிற்றூர் ஒன்றைக் கடக்க முற்படுகிறது. நிலைய அதிகாரி தோயாரு, சுங்கத் தாள்கள் இல்லையென்று வண்டியை நிறுத்திவிடுகிறார். 1944இல் அமெரிக்கர் வந்து காப்பாற்றுவர் என்று காத்திருந்து ஏமாந்த சிறுவன் அவர். வண்டி நிற்கும் ஐந்து நாள்களில் ஊர்த்தலைவர் முதல் பள்ளி மாணவியர் வரை அனைவரும் அப்படைவீரரிடம் எதையேனும் பெற முயல்கின்றனர். தோயாருவின் மகள் மோனிக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் ஒரு படைவீரனிடம் பேச விழைகிறாள். அவளை விரும்பும் பள்ளித்தோழன் அந்திரேயே அவர்களுக்கு மொழிபெயர்க்க நேர்கிறது. மொழிபெயர்ப்பாளரின் நிலையை இதனினும் கூர்மையாகக் காட்டிய திரைக்காட்சி அரிது. தான் சொல்ல விரும்பியதைத் தன் வாயாலேயே பிறன் பொருட்டுச் சொல்லவேண்டிய கட்டாயம் அவனுடையது.

இப்படத்தைப் பற்றிய கருத்துகளும் இரு நிலைப்பட்டன. நீளம் மிகுதி என்பது பரவலாகக் கூறப்பட்ட குறை. அடுத்து, அங்கதம் யாரை நோக்கியது என்பதில் வேறுபாடு எழுந்தது. அமெரிக்கரை எள்ளுகிறது என்றனர் சிலர். அயலாரைக் கண்டதும் நிலைதடுமாறும் தம் மக்களையே எள்ளுகிறது என்றனர் வேறு சிலர். தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் வகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது; பழிப்பை மறைத்துக் கூறுவது பின்னது. நெமெஸ்குவின் படத்தில் படைத்தலைவனின் மிடுக்கைப் பழிப்பது செம்பொருள். ஊராரின் ஆசையைப் பழிப்பது கரந்தது. முன்னதை மட்டும் கண்டவர் ஒரு படத்தையும், இரண்டையும் கண்டவர் வேறொரு படத்தையும் பார்த்துத் திரும்பினர்.

மொழி நோக்கில் கருதத்தக்கது துணையெழுத்தின் செயற்பாடு. ருமேனியரல்லாத பார்வையாளர் அப்படத்தை ஆங்கிலத் துணையெழுத்துடன் பார்க்கின்றனர். படைவீரரின் ஆங்கிலம் அவர்களுக்கு நேரே புரிகிறது. ஊராரின் ருமேனியம் எழுத்தாகக் கிடைக்கிறது. திரையில் எவருக்கும் இல்லாத வசதி இது. மோனிக்காவுக்கும் படைவீரனுக்கும் இடையே கிடக்கும் இருளைப் பார்வையாளர் வெளிச்சத்தில் அமர்ந்து பார்க்கின்றனர். அந்திரேய் மட்டுமே அறிந்ததை அரங்கு முழுதும் அறிகிறது. புரியாமையைப் பொருளாகக் கொண்ட படத்தைப் புரியாமையே இன்றிப் பார்க்க வைப்பது துணையெழுத்து. அதனாற்போலும், ஐந்து நாள் காத்திருப்பு சிலருக்கு நீளமாகத் தோன்றியது; ஊரார் ஒவ்வொரு சொல்லுக்கும் செலவிடும் உழைப்பைத் துணையெழுத்து அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

‘தங்கலான்’ அரங்கில் நிகழ்ந்தது இதன் மறுதலை. துணையெழுத்தின் உதவி இல்லாத தமிழ்ப் பார்வையாளரின் முன் வேப்பூரார் தம் பேச்சில் பேசினர். ஆங்கிலக் கல்வி பெற்ற நகர்ப்புறத்தாருக்குக் கிளெமெண்டின் ஆங்கிலம் எளிதாக விளங்கியது. வேப்பூராரின் தமிழுக்கு உதவி தேவைப்பட்டது. அதாவது, அக்கூலிக் கூட்டத்தாரைக் கேட்டும் புரிந்துகொள்ளாது நின்ற துரையின் இருக்கையிலேயே பார்வையாளர் தாமறியாமல் அமர்த்தப்பட்டனர். இயக்குநர் இதனைக் கருதிச் செய்தாரா என்பது ஆராய்ச்சிக்கு இன்றியமையாததன்று. விளைவு அவ்வாறு அமைந்தது. ‘புரியவில்லை’ என்னும் குறையைப் படத்தின் தோல்வியாக மட்டும் எழுதியோர் இவ்விளைவைத் தவறவிட்டனர்.

துரையின் இருக்கை என்பது உவமைக்காகச் சொல்லப்பட்டதன்று. தங்கவயல் வரலாறே அயல்நாட்டுப் படைவீரரின் செவி வழியாகத் தொடங்குவது. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளக்க அனுப்பப்பட்ட லெப்டினன்ட் ஜான் வாரன், 1802இல் அப்பகுதியில் பொன் கிடைப்பதாக வழங்கிய செய்தியைக் கேட்டு, பொன்னைக் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். உரிகம் பகுதி ஊரார் வண்டிகளில் மண்ணை ஏற்றிவந்து அவர் கண்முன்னே கழுவிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினர். இந்நிகழ்ச்சியைத் தங்கவயல் பற்றி எழுதுவோர் அனைவரும் எடுத்துரைப்பர். அந்த ஊரார் என்ன மொழியில் என்ன சொன்னார்கள் என்பதை எவரும் எடுத்துரைப்பதில்லை. கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் அந்நிலத்தில் அவர்கள் பேசியது எதுவாயினும், நமக்குக் கிட்டியிருப்பது வாரனின் ஆங்கில அறிக்கையே. இதே வாரன் பின்னாளில் ‘காலசங்கலித’ என்னும் நூலைச் சென்னையில் 1825இல் வெளியிட்டார். சோழிகளை வைத்து மனக்கணக்காகவே கிரகணத்தைக் கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரின் முறையை அந்நூலில் பதிந்துள்ளார். கணியர் ஒருவரின் வாய்க்கணக்குக்குப் பொறுமையாகச் செவிகொடுத்தவரே அவர். மண் கழுவியவரின் பேச்சு அத்தகைய பதிவுக்கு உரியதாக அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து வந்தவர் மைக்கேல் பிட்சரால்ட் லவெல். நியூசிலாந்தில் மவோரியருக்கு எதிரான போரில் பங்கேற்று, பெங்களூர்ப் பாளையத்தில் குடியேறிய ஐரிசுப் படைவீரர் இவர். வாரனின் அறிக்கையைப் படித்து 1871இல் மாட்டுவண்டியில் கோலாருக்குப் புறப்பட்டார். 1873இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை வேண்டினார். அவருக்குப்பின் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கியது. கிளெமெண்ட் என்னும் பாத்திரம் இவர்களுள் ஒருவரின் நேர்ப்படியன்று, பலரின் கூட்டு. டேனியல் கால்டகிரோன் அதனை மிகையின்றி நடித்துள்ளார்.

இங்கு ஒரு வரலாற்றுக் குறையைச் சுட்டாமல் இருத்தல் தகாது. வட ஆர்க்காட்டுத் தொழிலாளர் தங்கவயலுக்குக் கூட்டங்கூட்டமாகப் பெயர்ந்தது 1880க்குப் பிந்தைய செய்தி. படம் அதனை முப்பது ஆண்டு முன்தள்ளி வைக்கிறது. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு; ஆனால் மொழி நிலையில் அதற்கு ஒரு விலையும் உண்டு. 1850இன் பேச்சை மீட்டுத்தரும் சான்று எதுவும் நம்மிடம் இல்லை. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது; அவர் நாட்டம் மொழிக்குடும்பத்தின் தொன்மையில் இருந்தது, வேப்பூர்ச் சேரியின் வினைமுற்றில் இல்லை. கிரியர்சனின் இந்திய மொழியியல் ஆய்வுப் பணி சென்னை மாகாணத்திலும் மைசூர் அரசிலும் நடைபெறவில்லை. ஆகவே திரையில் ஒலிக்கும் தமிழ், இன்றைய வட ஆர்க்காட்டு வழக்கைப் பின்னோக்கி நீட்டிக் கட்டிய தமிழ். அதனைப் பழம்பேச்சின் மீட்பு என்று பாராட்டியதும், செயற்கை என்று பழித்ததும் சம அளவில் அடிப்படை அற்றவை. இரண்டையும் சரிபார்க்கும் அளவுகோல் கைவசம் இல்லை.

காலத்தை முன்தள்ளியதால் நேர்ந்த இழப்பு வேறொன்று. தங்கவயல் தமிழ் என்று மொழியியலார் வழங்குவது, சுரங்கம் தோன்றியபின் சுரங்கத்தால் உருவான பேச்சு. தட்டி வீடு, லைன், ஷாப்ட், ஷிப்ட், மேஸ்திரி, ஏர் பிளாஸ்ட் போன்ற சொற்கள் அங்கு அன்றாட வழக்கு. பாறை வெடிப்பைக் குறிக்கும் ‘ஏர் பிளாஸ்ட்’ என்னும் சொல்லை அவ்வூர்க் குழந்தையும் அறியும். அச்சொல் கேட்டால் வீட்டுப் பெண்டிர் சுரங்க வாயிலுக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது. கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலோ-இந்தியரின் ஆங்கிலமும் அப்பேச்சில் ஊறிக் கிடக்கின்றன. பல மொழிகள் முட்டி ஒன்றையொன்று வளைத்த அவ்வழக்கைப் படத்தின் காலம் தொடவே இயலாது. படம் தங்கவயலைப் பற்றியது. ஆனால் தங்கவயல் தமிழ் அதில் இல்லை.

இன்னுமொன்றும் இல்லை. தங்கவயலுக்குச் சென்ற ஒடுக்கப்பட்ட மக்கள் பேச்சுமொழிக்கு மட்டும் உரியவராக இருந்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளைகள் இயங்கின. அவர் 1907இல் தொடங்கிய இதழ் ‘தமிழன்’ என்னும் பெயரில் தொடர்ந்து, அவர் 1914இல் மறைந்தபின் சிலகாலம் நின்று, 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்து அச்சிட்டுப் பரப்பியது. அவ்வெழுத்துகளின் நடை செறிந்த இலக்கியத் தமிழ். நிகண்டும் காப்பியமும் மேற்கோளாக வரும் நடை. பகலில் ஷாப்டில் இறங்கியவரும் இரவில் அந்நடையில் வாதிட்டனர். ‘தங்கலான்’ படத்தின் பௌத்தக் குறிப்புகளும், பூர்வ குடியினரின் நிலம் பற்றிய கருத்தும் அவ்வெழுத்து மரபுக்குக் கடன்பட்டவை. கருத்தைக் கடன்கொண்ட படம், அக்கருத்து எழுதப்பெற்ற மொழியை விட்டுவிட்டது. விளைவாக, இவர்களுக்குப் பேச்சு மட்டுமே உண்டு, எழுத்து இல்லை என்னும் பழைய எண்ணம் பார்வையாளரிடம் கலையாமலே நிற்கிறது. படத்தைக் குறைகூறியோரும் புகழ்ந்தோரும் இவ்விடத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ‘புரியவில்லை’ என்பதைவிட இது கடுமையான குறை.

பார்வையாளரிடையே சொற்போருக்கு இடமளித்த மற்றொரு பொருள் துரையைப் பற்றிய படத்தின் நோக்கு. வேப்பூரில் மிராசுதாரின் கொடுமை நெஞ்சை அறுக்கும் வகையில் காட்டப்படுகிறது. துரையோ கூலி தருகிறார், பொன்னில் பங்கு தருவதாகச் சொல்கிறார். வெள்ளையரிடம் படம் மென்மை காட்டுகிறதா என்னும் வினா இதனால் எழுகிறது. தங்கலான் துரையின் கோட்டும் கால்சட்டையும் அணிந்து குதிரையேறி ஊருக்குத் திரும்பும் காட்சியும், பெண்கள் முதன்முதலாக இரவிக்கை அணிந்து மகிழும் காட்சியும் இவ்வினாவின் நடுவே உள்ளன. இரவிக்கைக் காட்சியில் அங்கதம் இல்லை. அம்மகிழ்ச்சியை ஐயுறுவோர், மேலாடை மறுக்கப்பட்டோரின் வரலாற்றை அறியாதவர். குதிரைக் காட்சி அத்தகையதன்று. அங்கே தங்கலானின் நிமிர்வு மெய்யானது. அக்கோட்டு அவன் உடம்பில் பொருந்தாமையும் மெய்யானது. சிரிப்பும் பெருமிதமும் ஒரே சட்டகத்தில் நிற்கின்றன. பசுபதி ஏற்ற கெங்குபட்டர் என்னும் பாத்திரத்திலும் இவ்விரட்டைத் தன்மை உண்டு. பூணூலும் நாமமும் தரித்து வைணவத்தால் மேன்மை தேடும் அவர் சிரிப்புக்கு உரியவராகத் தோன்றி, சிரித்தவரை வெட்கப்படவைத்து விலகுகிறார். ருமேனிய ஊர்த்தலைவரின் விழா ஏற்பாடுகளைக் கண்டு நகைத்தவர் அடையும் நிலையும் ஏறத்தாழ இதுவே. கரந்த அங்கதம் இரு படங்களிலும் ஒரே இடத்தைத் தொடுகிறது: அயலான் தரும் மதிப்பை வேண்டி நிற்கும் நெஞ்சம். ஆயினும் வேறுபாடு பெரிது. தோயாருவின் ஊருக்கு அமெரிக்கர் வந்தது ஐந்து நாளுக்கு. பூசலைத் தூண்டிவிட்டு அவர்கள் போய்விடுகின்றனர், தோயாரு அப்பூசலில் மடிகிறார். தங்கவயலில் துரைமார் நூறாண்டுக்கு அண்மைக்காலம் வரை இருந்தனர். 1930இல் தொழிலாளர் விரல்ரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியும் இரவிக்கையும் தந்த அதே அமைப்பையே எதிர்த்தனர். துரை விடுதலையாளனா சுரண்டுவோனா என்று பார்வையாளர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவதைவிட, இரண்டையும் ஒருங்கே பட்டறிந்தோரின் பேச்சில் அவனுக்கு வழங்கிய சொல்லை நோக்குவது தெளிவு தரும்.

அச்சொல் ‘தொரை’. எழுத்துவழக்கில் துரை. நாயக்க, பாளையக்காரத் தலைவரைக் குறித்த சொல் வெள்ளையருக்குப் பெயர்ந்து, பின்னர் மேலதிகாரி எவருக்கும் உரியதாகி, வீட்டில் செல்லப்பிள்ளையை அழைக்கவும் சோம்பேறியைக் கிண்டல் செய்யவும் பயன்படுகிறது. அச்சம், நம்பிக்கை, எள்ளல் ஆகிய மூன்றும் தொனியால் மட்டும் வேறுபடும். ஆங்கிலத் துணையெழுத்தில் இதற்கு ‘சார்’ என்று எழுதினால் மரியாதை மட்டும் மிஞ்சும். ‘லார்ட்’ என்று எழுதினால் பட்டம் மட்டும் மிஞ்சும். ‘துரை’ என்றே ஒலிபெயர்த்து விட்டுவிடுவது ஒப்பீட்டளவில் நேர்மையான வழி. பத்துக் காட்சிக்குள் பார்வையாளர் அதன் பொருளைத் தாமே கட்டிக்கொள்வர். ‘மிராசு’, ‘மேஸ்திரி’ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

ஒலிமாற்றத்தில் இடர் இன்னும் மிகுதி. ‘தங்கலான்’ தெலுங்கு, இந்தி முதலிய மொழிகளுக்கும் சென்றது. பொதுத் தெலுங்கிலும் பொது இந்தியிலும் பேசும் வேப்பூராரைப் பற்றிப் ‘புரியவில்லை’ என்னும் குறை எழ இடமேயில்லை. மூலத்தில் தமிழர் அடைந்த இடர்ப்பாட்டைப் பெயர்ப்பில் பிறமொழியினர் அடையவில்லை; மூலத்தின் பொருள் ஒன்றும் அவர்களை அடையவில்லை. சித்தூர் மாவட்டத் தெலுங்கில் ஒலிமாற்றம் செய்திருந்தால் ஈடான உரசல் ஒன்று கிடைத்திருக்கும். தங்கவயலுக்குத் தொழிலாளரை அனுப்பிய பகுதிகளுள் அதுவும் ஒன்று.

இதன் நேர்எதிர் நிலையைப் பிரசாந்த் நீல் இயக்கிய ‘கே.ஜி.எப்.’ கன்னடப் படங்களில் (2018, 2022) காணலாம். அவற்றின் சுரங்கம் ‘நராச்சி’ என்னும் கற்பனை ஊர். அங்கு அடிமைகளாக உழைப்போர் கன்னடம் பேசுவர். படத்தின் ஒரு பகுதி தங்கவயலின் சயனைடு மேடுகளில் எடுக்கப்பட்டது. அம்மேடுகளைக் குவித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். இப்படங்களைத் தமிழில் ஒலிமாற்றம் செய்தபோது வியத்தகு நிலை ஒன்று தோன்றியது. பெயர்ப்பு மூலத்தைக் காட்டிலும் மெய்ம்மைக்கு நெருங்கிய மொழியில் அமையும் வாய்ப்பு மொழிபெயர்ப்பு வரலாற்றில் அடிக்கடி நேர்வதன்று. அது இங்கு நேர்ந்தது. அவ்வாய்ப்பு பயன்படவில்லை. நராச்சித் தொழிலாளர் எவ்வூரையும் சேராத ஒலிமாற்றத் தமிழ் பேசினர். வாய் அசைவுக்குப் பொருந்தும், யாவருக்கும் புரியும், யாருக்கும் உரியதல்லாத தமிழ் அது. அப்படங்களைப் பற்றி எழுந்த நூற்றுக்கணக்கான கருத்துகளில் மொழி புரியவில்லை என்னும் குறை காணப்படவில்லை.

இவ்விரு முயற்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குவோர், எல்லார்க்கும் புரிந்த தமிழையும் பலர்க்குப் புரியாத தமிழையும் எடைபோட வேண்டியவராகின்றனர். ‘தங்கலான்’ தமிழில் பிழைகள் உண்டு. காலத்தால் வழுவியது, சில காட்சிகளில் கூச்சலில் கரைந்தது, தங்கவயலின் எழுத்துமரபை மறந்தது. எனினும் வாரனின் அறிக்கையில் வாய் இழந்து நின்றவர்களுக்கு அது ஓர் ஊர் உடைய வாயைத் தந்தது. இயக்குநர் தரப்பில் செய்யத்தக்கதொன்று உள்ளது. இனி இதுபோன்ற படம் அரங்குக்கு வரும்போது தமிழ் உரையாடலுக்கும் தமிழிலேயே, அதே வழக்கின் எழுத்துவடிவில், துணையெழுத்து இடலாம். ‘கீது’ என்பதை ‘இருக்கிறது’ என்று மாற்றாமல் ‘கீது’ என்றே எழுதவேண்டும். கேட்ட சொல்லைக் கண் உறுதிசெய்யும்போது, ஒலிப்பதிவால் வந்த புரியாமை நீங்கிவிடும். அதன்பின்னும் எஞ்சும் புரியாமை எவ்வளவு என்பதை அப்போது அளந்து பார்க்கலாம்.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரரும் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஷாப்டும் ஷிப்டும் இல்லாத நிலையில் அச்சொற்கள் பழைய நினைவுகளைப் பேசும்போது மட்டுமே வருகின்றன. அவ்வண்டியில் பேசப்படும் தமிழை, சுரங்கத்தில் இறங்கிய தலைமுறையினர் வாழும்போதே முறையாகப் பதிவுசெய்து சொல்லடைவு ஒன்று உருவாக்கினால், தங்கவயலைப் பற்றி அடுத்து வரும் திரைப்படத்தின் உரையாடலாசிரியருக்கும் துணையெழுத்தாளருக்கும் அது கைக்கொள்ளத்தக்க நூலாக அமையும்.